அத்தாவின் கணக்கு நோட்டு

சென்ற இதழில் நிக்காஹ் மஜ்லிஸ்களின் வீண் ஆடம்பரத்தைப் பற்றியும் கைக்கூலியைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரி ஒருவர் நான்கு வரியில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் குறிப்பிடவில்லை. கைக்கூலியைக் கண்டித்து எழுதுகிற தாங்கள் தங்கள் நிக்காஹ்வில் அதை வாங்கினீர்களா, இல்லையா என்பதுதான் கேள்வி. கேட்க வேண்டிய கேள்வியே. ஆம், வாங்கினேன். எவ்வாறு வாங்கினேன், பின்னர் அந்தப் பணம் என்னவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டுமானால் மர்ஹூம் என் அத்தா அவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாசக நேயர்கள் பொறுத்தருள்க. இம்மாதம் இப்பகுதியை அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

அத்தா பிறந்தது 1924 இல். தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. காவிரியிலும் கொள்ளிடத்திலும் பெருவெள்ளம் வந்த ஆடி மாதத்தில், வெள்ளம் வடிந்த பத்தாம் நாள் பிறந்ததாகப் பாட்டியார் சொல்வார்கள். அதுவே பிறப்புச் சான்றிதழ். எங்கள் ஊர் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் இருப்புப்பாதையில், அய்யம்பேட்டைக்கும் பாபநாசத்துக்கும் இடையில், குடமுருட்டியாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. சக்கராப்பள்ளி, வழுத்தூர், பண்டாரவாடை, இராஜகிரி என்று பள்ளிவாசல் மினாராக்களும் நெல்வயல்களும் மாறி மாறி வரும் பகுதி அது. இராவுத்தர் என்றால் கடை வைத்திருப்பவர் அல்லது மலேயாவுக்குப் போன சபுராளி என்றே வெளியூர் அன்பர்கள் பலர் எண்ணுகிறார்கள். சேற்றில் இறங்கி ஏர் பிடித்த குடும்பங்களும் எங்களுள் உண்டு. அவர்களைப் பற்றி எழுதுவார்தாம் குறைவு.

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் தஞ்சை நாயக்க மன்னர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. வட்ட வடிவில், கூம்பிய கூரையுடன், 3,000 கலம் நெல் கொள்ளுமாறு கட்டப்பட்டது. சிறுவனாக இருந்தபோது அத்தாவுடன் பாபநாசம் சந்தைக்குப் போகும் வழியில் அதைக் காட்டி, “இது நிறைய எத்தனை வருடம் ஆகும் அத்தா, நம் வயலில்?” என்று கேட்டேன். அத்தா நடந்துகொண்டே மனக்கணக்குப் போட்டார்கள். வாய்க்கால் பாலத்தைக் கடந்த பின், “யாருக்கும் ஒன்றும் கொடுக்காமல் இருந்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் நிறையும். கொடுத்தால் நிறையவே நிறையாது” என்றார்கள். அன்று எனக்கு அது விளங்கவில்லை.

பாட்டனார் வஃபாத்தானபோது அத்தாவுக்குப் பதினைந்து வயது. வீட்டில் பாட்டியாரும் இரண்டு அத்தைமார்களும் இருந்தார்கள். சொந்த நிலம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அது போதாமல், கும்பகோணத்து மிராசுதார் ஒருவரின் நிலம் பத்து மாவையும் வாரத்துக்கு எடுத்து உழுதார்கள். அரை வேலி நிலம் என்று சொன்னால் இக்காலப் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. அத்தா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. பள்ளிவாசல் மக்தபில் ஓதியதால் அரபுத்தமிழ் நன்றாக எழுதுவார்கள். அதாவது, அரபு எழுத்தில் தமிழை எழுதுவது. நம் முன்னோர்களின் வீடுகளில், குறிப்பாகப் பெண்களிடத்தில், பரவலாக இருந்து இன்று அருகிப்போன வழக்கம். அத்தாவின் கணக்கு நோட்டு முழுவதும் அந்த எழுத்தில்தான் இருந்தது. பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு. ஒன்று தீர்ந்ததும் மற்றொன்று வாங்கி அதனோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மேட்டூர் அணை 1934 இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பின் ஜூன் 12 என்னும் தேதி எங்கள் வட்டாரத்தில் பெருநாள் பிறையைப் போல எதிர்பார்க்கப்படும் ஒன்றாகிவிட்டது. உரிய நாளில் அணை திறந்தால் குறுவை உண்டு, அதன் தாளில் தாளடியும் உண்டு. தவறினால் ஒரே சம்பாதான். அத்தாவின் ஆண்டு அந்தத் தண்ணீரோடு தொடங்கும். வாய்க்கால் தூர்வாரி, வரப்பை அண்டை கழித்து, எருக்கும் பூவரசுமாகத் தழை மிதித்து, நாற்றங்கால் விட்டு, சேற்றுழவு உழுது, பரம்படித்து, நடவுக்கு ஆள் கூட்டி முடிப்பதற்குள் ஓர் ஆள் பாதியாய் இளைத்துவிடுவார். புரட்டாசியில் குறுவை அறுப்பு. அடைமழைக்கு முன் நெல் வீடு சேர்ந்தால் அல்ஹம்துலில்லாஹ். சேராவிட்டால் களத்திலேயே முளைத்துவிடும்.

முறைத் தண்ணீர் பெரும்பாலும் இரவில்தான் வரும். அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாக அத்தா இஷாவுக்குப் பிறகு வீட்டை விட்டுப் போனால், மடை மாற்றிவிட்டு, வாய்க்காலிலேயே உளூ செய்து, வரப்பில் துண்டை விரித்து ஃபஜ்ர் தொழுத பின்புதான் திரும்புவார்கள். பக்கத்து வயல்காரர் ஒரு மூப்பனார். அவர் காய்ச்சலில் கிடந்த ஒரு வாரம், அவருடைய முறைக்கும் அத்தாவே போய் நின்றார்கள். இதைப் பெரிய தியாகம் என்று அவரும் சொல்லவில்லை, அத்தாவும் நினைக்கவில்லை. அத்தாவின் ஹயாத்தில் ஆண்டுக்கு நான்கைந்து மாதம் கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் இருந்தது. அம்மா அவர்கள் மருதாணியை அரைத்து இரவில் பற்றுப் போடுவார்கள். பெருநாளுக்கு அக்காமார்களின் கைகளில் இட்டது போக மிஞ்சிய மருதாணி அத்தாவின் காலுக்குப் போகும். எங்கள் வீட்டில் மருதாணி மணம் வந்தால் பெருநாளா, நடவா என்று கேட்க வேண்டியிருக்கும்.

அரசாங்கம் 1960 இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண் திட்டத்தைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 வந்தது. குறுவைக்கென்றே ஜப்பானிய நெல்லோடு ஒட்டி உருவாக்கிய ரகம் அது. உர மூட்டையை முதன்முதலில் பார்த்த அத்தா, கையில் அள்ளி முகர்ந்துவிட்டு, இரண்டு மாவில் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு முழுவதும் அதுதான். புதியதை வெறுத்தவர்கள் என்றும் சொல்ல முடியாது, உடனே நம்பியவர்கள் என்றும் சொல்ல முடியாது.

நான் சொல்ல வந்தது உழைப்பைப் பற்றி மட்டும் அன்று. டெல்டாவில் உழைக்காதவர் யார்? அத்தாவிடத்தில் வேறாக இருந்தது அளக்கும் முறை. களத்தில் நெல் தூற்றிப் பொலி குவித்ததும் வீட்டுக்கென்று ஒரு மரக்கால்கூட முதலில் அளக்கப்படாது. அளப்பவர் முதல் மரக்காலை “லாபம்” என்று கூவுவார். அத்தா மெல்ல “பிஸ்மில்லாஹ்” என்பார்கள். முதலில் அறுத்தவர்களுக்கும் அடித்தவர்களுக்கும் உரிய கூலி. அடுத்து மிராசுதாரரின் வாரம். அதன் பின் உஷ்ர். எஞ்சியதுதான் வண்டியில் ஏறும்.

மிராசுதாரரின் பங்கில் அத்தா ஒரு படி குறைத்ததில்லை. கூட்டியும் கொடுத்ததில்லை. 1952 இல் தஞ்சைக் குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பு, உழுதவன் வீட்டுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்பது காரியஸ்தரின் மனநிலையைப் பொறுத்தது. 1956 இல் நியாய வாரச் சட்டம் வந்து, நன்செய் விளைச்சலில் நிலச்சொந்தக்காரருக்கு நூற்றுக்கு நாற்பது என்று வரையறுத்தது. அந்த ஆண்டு காரியஸ்தர் பழைய கணக்கில் அளக்கச் சொன்னபோது, அத்தா மரக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “சட்டப்படி எவ்வளவோ அவ்வளவு இப்போதே அளக்கிறேன். அதற்கு மேல் அளந்தால் அது ஐயாவுக்கு ஆகாது, எனக்கும் ஆகாது” என்றார்களாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம், அன்று இரவு நிலம் போய்விடும் என்று தாங்கள் அழுததையும் சேர்த்துச் சொல்வார்கள். நிலம் போகவில்லை.

உஷ்ரைப் பற்றி நம் மக்களில் பலருக்குத் தெரிவதில்லை. ஸகாத் என்றால் ரொக்கத்துக்கும் நகைக்கும் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். விளைச்சலுக்கும் உண்டு. மழையாலோ, தானாகப் பாயும் ஆற்று நீராலோ விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. செலவிட்டு இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒரு பங்கு. ஆற்றுப் பாசனம் மட்டும் இருந்தவரை அத்தாவுக்கு இதில் ஐயம் இருந்ததில்லை. எழுபதுகளில் வடிமுனைக் குழாய்க் கிணறு இறக்கி டீசல் எஞ்சின் வைத்த பிறகுதான் சிக்கல். ஆறு கைவிட்ட நாட்களில் எஞ்சின் ஓடும். ஆறு வந்துவிட்டால் ஓடாது. எஞ்சின் ஓடிய இரவுகளை நோட்டில் கோடு போட்டுக் குறித்து வைத்து, அறுவடைக்குப் பின் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். எந்த நீர் மிகுதியோ அதன்படி கொடுங்கள் என்பார் ஹஜ்ரத். எஞ்சின் இருந்த இடத்தில் பிறகு மின்மோட்டார் வந்தது. 1990 இல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசம் என்று ஆனதும் அத்தா மீண்டும் போனார்கள். “கரண்டுக் காசு இல்லை என்று ஆகிவிட்டது ஹஜ்ரத். இனி மோட்டார்த் தண்ணீருக்கும் பத்தில் ஒன்றா?” ஹஜ்ரத் சிரித்துவிட்டார். கிணறு இறக்கியதும் மோட்டார் வாங்கியதும் செலவில்லையா ராவுத்தரே என்றார். அத்தா திரும்பி வந்து பத்தில் ஒன்றுதான் அளந்தார்கள். அந்த ஆண்டு என் தம்பிக்கு அத்தாவின் மீது இருந்த கோபம் கொஞ்சமன்று.

கூலி விஷயத்தில் அத்தாவை நான் முற்றிலும் புகழ மாட்டேன். அவர்கள் பண்ணையார் அல்லர். ஆனால் கூலி கொடுப்பவர்களின் வரிசையில்தான் நின்றார்கள். 1968 இல் குறுவை அறுப்பின்போது எங்கள் ஊர் ஆட்கள் கூடுதலாக அரை மரக்கால் கேட்டார்கள். அடுத்த போகம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியவர்களில் அத்தாவும் ஒருவர். அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த வாரத்தில், டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். நெற்கூலிப் பிரச்சினையில் வளர்ந்த பகை அது. செய்தித்தாளை நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். எனக்குப் பதினைந்து வயது. அத்தா எழுந்து வெளியே போய்விட்டார்கள். அந்தத் தை அறுப்பில், யாரும் கேட்கும் முன்பே, கூடுதல் அரை மரக்காலும் குறுவைக்குக் கொடுக்காமல் விட்ட அரை மரக்காலும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் அளந்தார்கள். வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் அதற்குப் பிறகு, 1969 இல் வந்தது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை அத்தா அதற்கு முன்பும் அறிந்தவர்கள்தாம். ஒரு போகம் அதைத் தள்ளிப் போட்டார்கள். அதை அவர்களே மறக்கவில்லை.

1977 நவம்பர் 12 புயலில் நாகப்பட்டினம் பக்கம் பட்ட பாட்டை மூத்தவர்கள் அறிவார்கள். எங்கள் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தாளடிப் பயிர் பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது. வாழை போயிற்று, மாட்டுக்கொட்டகை போயிற்று. நீரை வடித்துப் பயிரைத் தூக்கிக் கட்ட எட்டு ஆட்கள் நான்கு நாள் நின்றார்கள். கொடுக்க நெல்லும் இல்லை, காசும் இல்லை. நான்காம் நாள் அஸருக்குப் பின் அத்தா, நெல் அவிக்கும் செப்பு அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அய்யம்பேட்டைக்கு நடந்தார்கள். மஃரிபுக்குள் கூலி கொடுத்தாயிற்று. அதன் பின் ஆறு ஆண்டுகள் அம்மா அவர்கள் அண்டை வீட்டு அண்டாவை இரவல் வாங்கித்தான் நெல் அவித்தார்கள். அவர்கள் வேலை முடித்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் அது எங்கள் அடுப்புக்கு வரும். அண்டா அம்மாவுடைய சீர். விற்கும் முன் அம்மாவிடம் கேட்டார்களா என்று நான் பின்னாளில் அம்மாவிடம் விசாரித்தேன். “கேட்டால் மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்?” என்றார்கள். கேட்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

இனி கைக்கூலிக்கு வருகிறேன். நெல்லை அளந்து கொடுப்பது கூலி, அது உழைத்தவனுக்கு. எந்த வேலையும் செய்யாத மாப்பிள்ளைக்கு, பெண்ணையும் கொடுத்து, மேலும் கையில் கொடுப்பதற்குக் கைக்கூலி என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் கசந்துபோய்த்தான் வைத்திருக்க வேண்டும். மூத்த அக்காவின் நிக்காஹ் 1966 இல். ஒன்பது மாவில் இரண்டு மா போயிற்று. இரண்டாம் அக்காவுக்கு 1971 இல் மூன்று மா. அக்காமார் இருவரும் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்கள். மூத்தவர் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர். நான் கல்லூரி வரை போனேன். இந்த வேறுபாட்டையும் அத்தாதான் செய்தார்கள். ஊரே செய்தது என்பது விடையாகாது. நான்கு மா மிஞ்சியபோது கடைசித் தங்கை வயதுக்கு வந்தாள். இதற்கு மேல் நிலத்தில் கை வைக்க மாட்டேன் என்று அத்தா சொல்லிக்கொண்டிருந்தார்கள். வழி என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் உறவுக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது. அந்த வழி நான்தான்.

1979 இல் எனக்குத் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பக்கத்து ஊரில் கொடிக்கால் வைத்திருந்தவரின் மகளைப் பேசினார்கள். பேச்சு நடந்த திண்ணையில் என் பெரியத்தாதான் ஆறாயிரம் என்று சொன்னார். பெண் வீட்டார் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். அத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் வந்தது, போயிற்று. வெற்றிலைக் கவுளி கவுளியாக எண்ணி விற்றுச் சேர்த்த மனிதர், ஆறாயிரத்தையும் மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். நான் எழுதிக் கொடுத்த மஹர் 250 ரூபாய். மறு ஆண்டு என் தங்கையின் மாப்பிள்ளை வீட்டுக்கு அதே துணி, அதே முடிச்சோடு போயிற்று.

1981 தையில் அத்தா திருச்சிக்கு வந்தார்கள். பேருந்தின் கூரையில் இரண்டு மூட்டை நெல். மூட்டைக்கு இரண்டு கலம். “இது உன் கணக்கும்மா” என்று என் மனைவியிடம் சொல்லி இறக்கி வைத்தார்கள். மருமகள் மீது பிரியம் என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த தையிலும் இரண்டு மூட்டை. அதற்கு அடுத்த தையிலும். தண்ணீர் தவறி விளைச்சல் பாதியான ஆண்டுகளிலும் இரண்டு மூட்டை வரும். அம்மா வீட்டில் ரேஷன் அரிசி உலையில் ஏறிய ஓர் ஆண்டில், “இந்த வருடம் வேண்டாம் மாமா” என்று என் மனைவி சொன்னாள். அத்தாவுக்கு வந்ததே கோபம்! “வேண்டாம் என்று சொல்ல இது என் நெல் இல்லை” என்றார்கள். அதன் பொருளையும் நான் கேட்கவில்லை. தம்பி அதற்குள் சவூதி போய்ப் பணம் அனுப்பத் தொடங்கியிருந்தான். “உழுதது போதும், உட்காருங்கள்” என்று எழுதுவான். அத்தா உட்காரவில்லை. எழுபது வயதுக்கு மேலும் மடை மாற்ற இரவில் போனார்கள்.

1997 ஐப்பசியில், சம்பாப் பயிர் பச்சையாக நிற்கும்போது, அத்தா அவர்கள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். இரவு வயலுக்குப் போய் வந்து, நெஞ்சு அடைக்கிறது என்றார்கள், விடியவில்லை. ஜனாஸாத் தொழுகைக்கு முன் வழக்கப்படி தம்பியும் நானும் நின்று, மர்ஹூம் அவர்களிடமிருந்து யாருக்காவது வரவேண்டிய பாக்கி இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்று அறிவித்தோம். மூப்பனாரின் மகன் முதல் நடவு ஆட்கள் வரை பள்ளிவாசல் வாசலில் நின்றிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. கடன்காரர் அப்போது வீட்டுக்குள், பெண்களோடு அமர்ந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

சில வாரங்கள் கழித்துச் சொத்தைப் பிரிப்பது பற்றிப் பேச உட்கார்ந்தோம். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவற்றுக்குப் பின்புதான் வாரிசுப் பங்கு என்பது நம் மார்க்கம். கடன் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க நோட்டைத் தேடி எடுத்தோம். எனக்கும் தம்பிக்கும் அரபுத்தமிழ் படிக்க வராது. அக்காமார்களுக்குக் கண் மங்கல். என் மனைவிக்கு அவளுடைய பாட்டியார் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அவள் நோட்டை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். உர மூட்டை, நடவுக் கூலி, உஷ்ர் கொடுத்த வீடுகள், எஞ்சின் ஓடிய இரவுகள். ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். அவள் பெயர் எழுதியிருந்தது. கடன் என்னும் தலைப்பில், 1979 ஆம் ஆண்டுக்கு நேராக, ஆறாயிரம்.

அதன் கீழே பதினேழு வரிகள். ஒவ்வொரு தைக்கும் ஒரு வரி. இரண்டு மூட்டை, அந்த ஆண்டு அரசு கொள்முதல் விலை, அதன்படி தொகை. முதல் வரியில் குவிண்டால் 105 ரூபாய். கடைசி வரியில் 380. விலை ஏறியபோது மூட்டையைக் குறைக்கவில்லை. முப்பத்து நான்கு மூட்டைக்கும் கூட்டிப் போட்டிருந்தார்கள்: 3,976. பாக்கி 2,024. அந்த முப்பத்து நான்கு மூட்டையையும் அவித்துக் குத்தித் தின்றவர்கள் நாங்கள். கடனாளி என்று தம்மை எழுதிக்கொண்டவர்கள் அத்தா. ஆறாயிரத்தை வாங்கிய என் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

அம்மாவின் அண்டாவுக்கு எங்கேனும் வரி இருக்கிறதா என்று நான் கேட்டேன். அவள் 1977 ஆம் ஆண்டுப் பக்கங்களை இரண்டு முறை புரட்டினாள். எட்டு ஆட்களின் கூலி இருந்தது. அண்டா இல்லை. அம்மா அவர்கள் மூலையில் இத்தாவில் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை.

தம்பி என் மனைவியைப் பார்த்து, “மச்சி, அத்தாவுக்காக மீதியை ஹலாலாக்கிவிடுங்கள்” என்றான். இத்தகைய நேரங்களில் எல்லோரும் சொல்வதுதான். அவள் தலையை அசைத்தாள். “மாமா மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை, பாக்கி என்று எழுதியிருக்கிறார்கள். கொடுத்துவிடுங்கள்” என்றாள். பதினெட்டு ஆண்டுகளில் அவள் எங்கள் வீட்டில் எதையும் கேட்டு நான் அறியேன்.

1998 தையில் அத்தா விட்டுச் சென்ற சம்பா அறுக்கப்பட்டது. அறுத்தவர்களின் கூலி, வாரம், உஷ்ர் எல்லாம் அத்தாவின் வரிசைப்படியே அளந்த பின், நெல் விற்ற பணத்திலிருந்து 2,024 ரூபாயை எண்ணி அவள் கையில் வைத்தேன். அவள் நோட்டை வாங்கி, அதே பக்கத்தில், பதினேழு வரிகளுக்குக் கீழே, அதே எழுத்தில் வரவு வைத்தாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். தொகையும் தேதியும் என்றாள்.

பணத்தை அவள் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாளே தாய்வீட்டுக்குப் போனாள். என் மாமனார் அப்போது இருந்தார்கள். கொடிக்காலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பணத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, எதற்கம்மா இது என்று கேட்டார்களாம். “மாமா வயல் நெல் வித்த காசு” என்றாளாம்.